பத்தி எழுத்தில் ஏதிலியர்

செய்தித்தாளின் முதற்பக்கம் நடந்ததைச் சொல்கிறது. நடுப்பக்கமோ அதனை எவ்வாறு எண்ண வேண்டும் என்று கற்பிக்கிறது. ஆதலின் பத்தி எழுத்தாளர் ஆளும் சொல்லுக்குப் பொறுப்பு மிகுதி. நாடிழந்து வந்தோரைப் பற்றி எழுதுகையில் அப்பொறுப்பு பன்மடங்காகிறது. ஏனெனில், மறுப்புரைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது.

1983 ஜூலைக் கலவரத்தின்பின் இலங்கைத் தமிழர் கடல் கடந்து வந்தபோது, அவர்களைத் தொப்புள்கொடி உறவென்று எழுதினோம். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டபின், அவர்களே ஐயத்திற்குரியோர் ஆயினர். குற்றம் சிலருடையது, பழி முகாம்களில் வாழ்ந்த அனைவர்மீதும் படிந்தது.

அகதிகளைப் பற்றிய பத்திகளில் 'வெள்ளம்', 'ஊடுருவல்', 'சுமை' என்னும் சொற்கள் மீண்டும் மீண்டும் வருதல் காணலாம். வெள்ளத்திற்குப் பெயரில்லை, குடும்பமில்லை. அதனைத் தடுத்தல் ஒன்றே வழி. மனிதரை வெள்ளமென்று எழுதிய அளவிலேயே, வாதம் தொடங்குமுன் தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. இரக்கத்தை மட்டும் பொழியும் பத்தியும் குறையுடையதே. அது அகதியின் கண்ணீரைக் காட்டும். அவர் கருத்தைக் கேளாது.

நம் மாவட்டத்தில் உத்தமபாளையத்திலும் கண்டமனூரிலும் முகாம்கள் உள்ளன. தமிழக முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே பயின்று பட்டம் பெற்றோரிலும் பலர் இன்னும் குடியுரிமையற்றோரே. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறித்த மூன்று நாடுகளுள் இலங்கை இல்லை. அது குறித்த ஆறு சமயங்களுள் இசுலாமும் இல்லை. அச்சட்டத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பத்திகள் பல எழுந்தன. அவற்றுள் முகாமில் வாழ்வோரிடம் ஒரு சொல் கேட்டு எழுதியவை எத்தனை? 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. சொல்லின் வலிமையை அரசே உணர்ந்தமைக்கு இது சான்று.

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு இது அயலார் செய்தியன்று. நம் ஊர்த் தொழிலாளர் விடியலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் மூண்டபோது, அங்கு உழைத்தோர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். மலைக்கு அப்பால் நாமே வெளியார். நம்மைப் பற்றி எவ்வாறு எழுதப்பட வேண்டுமென விழைகிறோமோ, அவ்வாறே பிறரைப் பற்றியும் எழுதுதல் அறம். இங்கு வந்து உழைக்கும் வடமாநிலத்தவர்க்கும் இது பொருந்தும்.

கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனா சேர்ந்தோரை முஹாஜிர்கள் என்றும், அவர்களை ஏற்று உதவியோரை அன்சாரிகள் என்றும் இசுலாமிய வரலாறு போற்றுகிறது. நாடு துறந்து வந்தோர்க்கு வழங்கிய பெயரே அங்குப் பெருமைக்குரிய பெயராயிற்று.

தமிழ் பயிலும் மாணவர்கள் நாளை ஏடுகளில் எழுதுவர். அகதியைப் பற்றிய பத்தியைப் படிக்குந்தோறும், எழுதுந்தோறும், இதில் அவர் பேசுகிறாரா, அன்றிப் பேசப்படுகிறாரா என வினவுவாராக. இப்பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றுதல் வேண்டுமென்பதே நம் விழைவு.