வைடால் சீட்டை நம்பி வைத்தியமா?

சித்தூர்ப் பக்கம் ஒருவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். கிராமத்து ஆர்.எம்.பி. வைத்தியர் ஒரு ஊசி போடுவார். கேட்கவில்லையென்றால் டவுனில் ஒரு லேபுக்குச் சீட்டு எழுதுவார். அரை மணியில் தாள் கைக்கு வரும்: வைடால், ஓ 1:160, எச் 1:160, பாசிட்டிவ். “டைபாய்டாம்” என்று வீட்டில் சொல்லிக் கஞ்சியும் இட்லியும் தவிர வேறெதையும் கண்ணில் காட்டமாட்டார்கள். இப்படி ஒற்றைத் தாளை வைத்து டைபாய்டு என்று முடிவுகட்டும் வழக்கத்துக்குச் சித்தூர், திருப்பதி மாவட்டச் சுகாதாரத் துறைகள் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். உயிர் போகிற விஷயம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

வைடால் எதைப் பார்க்கிறது? 1896-ல் பாரிஸில் ஃபெர்னான் வைடால் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய சோதனை இது. டைபாய்டு கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்று இது தேடுவதே இல்லை. அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 1:160 என்றால், ரத்தச் சீரத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் செத்த கிருமிகளோடு சேர்த்தபோது அவை திரண்டன என்று அர்த்தம். எதிர்ப்பொருள் உருவாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் காய்ச்சலில் இதை எடுப்பது வீண். என்றைக்கோ வந்துபோன டைபாய்டும், போட்ட தடுப்பூசியும், மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களும்கூட இதைப் பாசிட்டிவாகக் காட்டலாம். பக்கத்து வேலூரில் 2017 முதல் 2020 வரை நடந்த ஆய்வில் ரத்தத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, நகரத்துக் குழந்தைகளிடம் டைபாய்டு கணிசமாக இருந்தது. கிருமி இப்படிப் புழங்கும் வட்டாரத்தில் ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருப்பதில் வியப்பில்லை. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. இரண்டாம் முறை லேபுக்கு யார் போகிறார்கள்?

தவறான பெயர் சூட்டுவதோடு போனால் பரவாயில்லை, சாப்பிட்ட மாத்திரை வீண் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த மண்ணில் உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்கிரப் டைபஸ் இருக்கிறது. 2025 இறுதியில் ஆந்திராவில் அது தலைப்புச் செய்தி ஆனபோது, மாவட்டவாரிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது சித்தூர். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது இது. மழைக்குப் பிறகு, மாந்தோப்பில் களை பறிப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மலையடிவாரத்தில் விறகு பொறுக்குபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். டைபாய்டு என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ செஃபிக்சிம் மாத்திரையோதான். இந்த வகை மருந்துகள் உண்ணிக் காய்ச்சல் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. அதைக் கேட்க வைப்பது டாக்சிசைக்ளின், விலை குறைந்த பழைய மருந்து, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். (டாக்டரைக் கேளாமல் யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.) செஃப்ட்ரியாக்சோன் ஏறிக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில்தான் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே சோதனை முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. கடுமையாகிவிட்ட நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஏற்றுவது நல்லது என்று 2023-ல் நிறுவியது வேலூர் சி.எம்.சி. தலைமையிலான ஆய்வு. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இந்த அறிவு, மாநில எல்லை தாண்டி ஊர் கிளினிக்குக்கு வந்து சேரவில்லை.

கூடவே வரும் இன்னொரு தாளும் குழப்பும். முழு ரத்த அணுக் கணக்கில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்திருந்தால் உடனே டெங்கு என்று பயந்து பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறோம். உண்ணிக் காய்ச்சலிலும் மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். டெங்குவில் அந்த எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது ஏறினால் ரத்தத்தின் நீர் குழாயை விட்டுக் கசிகிறது என்று எச்சரிக்கை. டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளுக்கு. அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் சோதனை. எந்தச் சோதனையையும் காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தோம் என்பது தெரியாமல் படிக்க முடியாது. அந்த நாளை எழுத லேப் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வைடால் மலிவு, கல்ச்சருக்கு நாலைந்து நாளும் கூடுதல் பணமும் வேண்டும் என்பார்கள். உண்மைதான். கல்ச்சரும் டைபாய்டு உள்ள எல்லாரையும் பிடிப்பதில்லை. நூற்றில் சுமார் அறுபது பேரைப் பிடித்தால் அதிகம். உண்ணிக் காய்ச்சலுக்கான எலிசாவும் எதிர்ப்பொருள் சோதனைதான், முதல் சில நாளில் பேசாது. ஆனாலும் கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் கிருமி கையில் இருக்கிறது. எந்த மருந்துக்கு அது மசியும் என்றும் சொல்லிவிடும். 2016-லிருந்து பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கு மசியாத டைபாய்டு பரவியதை நினைத்தால், வைடால் தாளுக்கெல்லாம் அந்த ஊசியைச் செலவழிப்பது எவ்வளவு பெரிய ஊதாரித்தனம் என்று புரியும்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. திருப்பதியில் ரூயா, ஸ்விம்ஸ் என்ற பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. வட்டார மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எட்டுப் பத்து மில்லி ரத்தத்தைக் கல்ச்சர் பாட்டிலில் எடுத்து, அன்றே அங்கு அனுப்பலாம். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், சாதாரண வெப்பமே போதும். லேப் அறிக்கையில் நோயியல் முதுநிலை படித்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நடக்கிறதா என்று மாவட்ட அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கட்டும். லேபுகளின் துல்லியத்தைச் சோதிக்கும் திட்டத்தைச் சி.எம்.சி. நடத்துகிறது, அதில் சேராத லேபுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு வைடால் தாளிலும், “இதை மட்டும் வைத்து டைபாய்டு என்று சொல்ல முடியாது” என்ற வரியைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட வைக்க வேண்டும். நகரி, புத்தூர், சித்தூர் என்று தமிழ் பேசும் வீடுகள் நிறைந்த வட்டாரத்தில் இங்கிலீஷ் தாளை யார் படிப்பது?

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: நோயாளியின் உடம்பு முழுவதையும் பாருங்கள். உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கும், பலருக்கு வலிக்காது, எல்லாருக்கும் வருவதும் இல்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்புக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். கூச்சத்தால் பெண்கள் தாமாகக் காட்டமாட்டார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் ஒரு திரைச்சீலையும், கூப்பிட்டுப் பார்க்க ஒரு நர்ஸம்மாவும் இருக்கட்டும்.