கொடியில் தொங்கிய கலகம்

"சுடுறவன் துப்பாக்கியோட நிக்கிறான், நீங்க படம் வரைஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" கூட்டங்களில் தோழர்கள் கேட்பதுதான். நியாயமான கேள்வி. பர்மாவை வைத்துப் பேசிப் பார்ப்போம்.

2021 பிப்ரவரி 1 அன்று அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மார்ச்சில் ரங்கூன் தெருக்களில் பெண்கள் குறுக்கே கயிறு கட்டித் தங்கள் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். தமெய்ன் என்பது பெண்கள் இடுப்பில் கட்டும் துணி, நம்ம கைலி மாதிரி. அதற்கு அடியில் நடந்தால் ஆணாகப் பிறந்ததாலேயே வாய்த்த மகிமை போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. துப்பாக்கியோடு வந்தவன் ஒரு துணிக்கு முன்னால் தயங்கி நின்றான். அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். தெருவில் நிற்பவர்கள் ஓடித் தப்பிக்க அந்தச் சில நிமிசம் போதும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பெண்ணுடம்பு தீட்டு என்பதை ஏற்றுக்கொண்டால்தானே இந்தத் தந்திரம் பலிக்கும்? இழிவுபடுத்தும் நம்பிக்கையை நாமே கெட்டிப்படுத்துகிறோமா? அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. மார்ச் 8, மகளிர் நாளில் அதே துணியைக் கம்பில் கட்டிக் கொடியாகப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஆண்களும் அதைத் தலையில் கட்டிக்கொண்டு படமெடுத்து வெளியிட்டார்கள். ஆணின் தலைக்கு மேலே போகக்கூடாத துணி தலையிலேயே ஏறியது. தந்திரமாக இருந்தது கலையானது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறோம். அங்கே இராணுவ மகிமை மட்டுமா கழன்றது, வீட்டிலிருக்கும் ஆம்பளை மகிமையும் சேர்ந்துதான்.

இதெல்லாம் திடீரென்று முளைத்ததில்லை. 1988 எழுச்சியில் மாணவராக நின்ற ஓவியர் தெய்ன் லின், 1998 முதல் 2004 வரை சிறையில் இருந்தார். தூரிகை கிடையாது, கித்தான் கிடையாது. கைதிக்குக் கொடுத்த உடுப்பையே விரித்து, விரலாலும் ஊசிக்குழலாலும் செதுக்கிய சோப்புக் கட்டியாலும் சிகரெட் லைட்டரின் சக்கரத்தாலும் வரைந்தார். உள்ளே ரகசியமாக வரைந்தவை வெளியே கடத்தப்பட்டன. ஒருத்தனைக் கைதி என்று காட்ட அரசு கொடுத்த துணி அது.

கலை குண்டைத் தடுக்கவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. 2021 மார்ச்சில் மொன்யுவாவில் கவிஞர் கே ஸா வின் போராட்டக் களத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் கவிஞர் கெட் தி பிடித்துச் செல்லப்பட்டார். குடும்பத்தாருக்கு உடல்தான் கிடைத்தது.

தீட்டை ஆயுதமாக்குவது பற்றி ஆசிரியர் குழுவுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. தோழியர்கள் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் அடுத்த இதழில் போடுவோம்.