மழை ரஹ்மத், மீன்கள் அமானத்

சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வேளையில் எங்கள் மத்ரஸாவில் நேர்ந்த ஒரு சிறிய இழப்பு எனக்குப் பெரிய பாடமாயிற்று. பிள்ளைகள் ஆசையுடன் வளர்த்துவந்த கண்ணாடித் தொட்டியில் 12 கப்பி மீன்கள் இருந்தன. "ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை விட, பரக்கத்தான மழைநீரே மீன்களுக்கு நல்லது" என்று கூறி, மொட்டைமாடிக் குழாயில் பிடித்த முதல் மழைநீரைத் தொட்டி முழுவதும் நிரப்பச் சொன்னவன் நான்தான். மறுநாள் காலை 9 மீன்கள் இறந்து மிதந்தன. ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், மழை அல்லாஹ்வோட ரஹ்மத்துன்னு சொன்னீங்களே, அப்புறம் மீனெல்லாம் ஏன் மௌத்தாச்சு?"

அக்கேள்விக்கு உரிய விடையை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

வானிலிருந்து இறங்கும் நீரைத் தூய்மையானது என்று அல்ஃபுர்கான் அத்தியாயமும், பரக்கத் நிறைந்தது என்று காஃப் அத்தியாயமும் கூறுகின்றன. மழை பொழிந்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் மேனியில் அது படும்படி ஆடையை விலக்கிக்கொண்டார்கள் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். எனவே மழையில் குறையில்லை. ஆனால் எங்கள் மாடியில் பல மாதப் புழுதியும், காக்கை, புறா எச்சமும், மட்கிய இலைகளும் கிடந்தன. முதல் மழை அவற்றைக் கழுவிக் கொண்டுவந்தது. நான் தொட்டியில் ஊற்றியது அந்த அழுக்கையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது தவறு, நீரை ஒரேயடியாக மாற்றியது. கிணற்று நீரில் சுண்ணாம்பு முதலிய தாதுக்கள் மிகுந்துள்ளன. மழைநீரிலோ அவை மிகக் குறைவு. அதனால் அதன் அமிலத்தன்மையும் எளிதில் ஏறி இறங்கும். கடின நீருக்குப் பழகிய மீனின் உடல் இத்திடீர் மாற்றத்தைத் தாங்காது. வானிலிருந்து நீரை ஓர் அளவுடன் இறக்குவதாக அல்லாஹ் அல்முஃமினூன் அத்தியாயத்தில் கூறுகிறான். அளவின்றி ஊற்றியவன் நான்.

இதற்காக மழைநீரே வேண்டாம் என்று ஒதுக்குவது முறையன்று. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். மழைநீரில் அது இல்லை. இத்தகைய நீரைச் சாக்கடையில் ஓடவிட்டு, மீன் தொட்டிக்குக் காசு கொடுத்து நீர் வாங்குவது இஸ்ராஃப் என்றே நான் கருதுகிறேன்.

செய்ய வேண்டியவை எளியவையே. பருவமழைக்கு முன் மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். முதல் கால் மணி நேர மழையைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, அதன் பின் வரும் நீரைத் துணியில் வடிகட்டிப் பிளாஸ்டிக் பீப்பாயில் சேமிக்கலாம். செம்பும் துத்தநாகமும் மீன்களுக்கு நஞ்சு. ஆகவே செப்புப் பாத்திரமும் துத்தநாகத் தகடும் கூடாது. டெங்கு கொசு முட்டையிடாதவாறு பீப்பாயை இறுக மூட வேண்டும். தொட்டி நீரில் கால் பங்குக்கு மேல் ஒரே வேளையில் மாற்றலாகாது. கப்பி, மோலி போன்றவை கடின நீரை விரும்புவதால், மழைநீருடன் சம அளவு கிணற்று நீரைக் கலந்து மெதுவாக ஊற்றுவது நலம். மழையால் மட்டுமே நிரம்பும் சிறு குளமாயின், ஒரு பையில் சிப்பி ஓடுகளை இட்டு வைத்தால் நீரின் தன்மை நிலைபெறும். நிரம்பி வழியும் வாயில் வலை கட்டாவிட்டால், பெருமழையில் மீன்கள் அடித்துச் செல்லப்படும்.

நம் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றின் ஹவுளில் மீன்கள் நீந்துவதைச் சிறுவயதிலிருந்தே கண்டிருக்கிறோம். கொசுப்புழுக்களை அவை உண்டுவிடும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். பள்ளியின் மாடி நீரை இதே கவனத்துடன் ஹவுளில் சேர்க்க மஹல்லா நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடி உண்ணவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் மீனும் நம்மைவிட்டு எங்கும் செல்ல இயலாதது. அது நம்மிடமுள்ள அமானத். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. பரக்கத்தை நம்புகிறேன் என்று சொல்லி, அறிய வேண்டியதை அறியாமல் விடுவது தவக்குல் ஆகாது.

அச்சிறுவனிடம், "ரஹ்மத்தில் குறையில்லை மகனே, தவறு என்னுடையது" என்றேன். இவ்வாண்டு மழைக்கு முன் மாடியைப் பெருக முதலில் துடைப்பம் எடுத்தவன் அவனே. எஞ்சிய 3 மீன்கள் இப்போது குஞ்சுகளுடன் நீந்துகின்றன.

தன் அருட்கொடைகளை அறிவுடனும் நன்றியுடனும் பயன்படுத்த அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.