"அப்பா"ன்னு கூப்பிட்டா வாரிசு ஆகிட முடியாது: ஒரு உயில் எழுதுங்க

கொஞ்ச நாள் முன்னாடி தில்லைநகர் ஆபீசுக்கு ஒருத்தர் வந்தார். சொந்த ஊர் ஸ்ரீரங்கம். சிங்கப்பூர்ல ஐடி வேலை, பி.ஆர். வாங்கியாச்சு. வயசு 36. விவாகரத்தான ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணியிருக்கார். அவங்களோட முதல் கல்யாணத்துல பிறந்த பொண்ணுக்கு ஒன்பது வயசு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ரிட்டர்ன் வேலையெல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது கேட்டார்: "பாப்பா என்னைத்தான் அப்பான்னு கூப்பிடுறா மேடம். எல்லா இடத்துலயும் அவ பேரை நாமினியா போட்டுட்டேன். அது போதும்ல?"

போதாது. ஏன்னு சொன்னப்ப அவர் முகம் போன போக்கை மறக்க முடியல. இந்தப் பதிவு அதுக்காகத்தான்.

வரிச் சட்டத்துக்குப் பிள்ளை, வாரிசுச் சட்டத்துக்கு யாரோ

வருமான வரிச் சட்டத்துல, "பிள்ளை" என்றால் ஸ்டெப் சைல்டும் அதில் அடக்கம்னு தெளிவா இருக்கு. வரி போடுற விஷயத்துல சட்டம் அந்தக் குழந்தையை உங்க குழந்தையாவே பார்க்குது.

ஆனா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட முதல் வகுப்பு வாரிசுப் பட்டியல்ல மகன், மகள், மனைவி, அம்மா எல்லாரும் இருக்காங்க. ஸ்டெப் சைல்ட் இல்ல. பெண்களோட சொத்து விஷயத்துலயும் இதே கதைதான். 1987-ல லச்மன் சிங் – கிர்பா சிங் வழக்குல, பிரிவு 15(1)(ஏ)-ல வர்ற "மகன்"ங்கிற வார்த்தை கணவரோட இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகனைக் குறிக்காதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

நம்ம ஸ்ரீரங்கத்துக்காரர் கணக்கைப் பாருங்க. உயில் எழுதாம அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவர் வாங்கின ஃபிளாட்டும் இங்க இருக்கிற டெபாசிட்டும் மனைவிக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி. பாப்பாவுக்கு நேரடியா பூஜ்யம். அம்மா கைக்குப் போன பாதி, அவங்க காலத்துக்கு அப்புறம் அவங்களோட மத்த பிள்ளைங்களுக்குப் போகும். மனைவி இவருக்கு முன்னாடியே போயிட்டா, மொத்தமும் அம்மாவுக்குத்தான். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டி வளர்த்த பொண்ணு பேர் வாரிசுச் சான்றிதழ்ல வரவே வராது.

மத்த மதத்து நண்பர்களுக்கும் ஒரு வரி: கிறிஸ்தவர்களுக்கான 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துலயும், முஸ்லிம் தனிச் சட்டத்துலயும் ஸ்டெப் சைல்ட் வாரிசு கிடையாது. முஸ்லிம்கள் மூணுல ஒரு பங்கு வரைக்கும் உயில் மூலமா அந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

நாமினி சாவி வெச்சிருக்கறவர், வீட்டுக்காரர் இல்ல

இதை எத்தனை வீடியோவுல சொன்னாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விதான் வருது. பேங்க் டெபாசிட், ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துலயும் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகள்கிட்ட ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே. ஷேர் விஷயத்துல 2023 டிசம்பர்ல சக்தி யஸ்தானி வழக்குல உச்ச நீதிமன்றம் இதையே உறுதி பண்ணிடுச்சு. இன்சூரன்ஸ்ல 2015 திருத்தத்துக்கு அப்புறம் பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம். ஆனா அதுலயும் "பிள்ளைகள்"னு இருக்கே தவிர, ஸ்டெப் சைல்ட்னு தனியா சொல்லல.

கடல் தாண்டினா விதியும் மாறும்

வீடு, நிலம் எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டுச் சட்டம். பணம், ஷேர் மாதிரி அசையும் சொத்துக்கு, பொதுவா நீங்க நிரந்தரமா வாழ நினைக்கிற நாட்டுச் சட்டம். இதுதான் இந்தியாவும் சிங்கப்பூரும் வெச்சிருக்கிற அடிப்படை.

சிங்கப்பூர்ல சி.பி.எஃப். பணம் உயில்ல அடங்காது, நாமினிக்குத்தான் போகும். நம்ம ஊருக்கு நேர் எதிர்! அதைவிட முக்கியம், கல்யாணம் ஆனவுடனே அதுக்கு முன்னாடி போட்ட சி.பி.எஃப். நாமினேஷன் ரத்தாகிடும். முன்னாடி எழுதின உயிலும் அங்க பொதுவா ரத்து. இங்கிலாந்துலயும் கல்யாணம் உயிலை ரத்து பண்ணும். இந்தியாவுல இந்துக்களுக்கு அப்படி இல்ல. நம்ம ஆளு கல்யாணத்துக்கு அப்புறம் சி.பி.எஃப். நாமினேஷனைப் புதுப்பிக்கவே இல்ல. உயிலும் நாமினேஷனும் இல்லன்னா அங்கயும் "பிள்ளை"ன்னா பெத்த பிள்ளை, தத்துப் பிள்ளை மட்டும்தான்.

துபாய்ல இருக்கிறவங்களுக்கு: 2023 பிப்ரவரியில அமலுக்கு வந்த சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாம போனா பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. வாரிசுகள் கேட்டா சொந்த நாட்டுச் சட்டமும் வரலாம். நம்ம நாட்டுச் சட்டம் வந்தா என்ன ஆகும்னு மேலே பார்த்தாச்சு.

அப்ப என்ன பண்ணணும்?

1. உயில் எழுதுங்க. வெள்ளைத் தாள் போதும், ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்ல. நீங்க கையெழுத்துப் போடுறதைப் பார்த்து ரெண்டு சாட்சி கையெழுத்து. சொத்து வாங்கப் போறவங்களைச் சாட்சியா போடாதீங்க. பதிவு கட்டாயமில்ல, ஆனா ஊருக்கு வர்றப்ப சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சுட்டா பின்னாடி சண்டை குறையும்.

2. "என் மகளுக்கு"ன்னு மொட்டையா எழுதாதீங்க. குழந்தை பேர், பிறந்த தேதி, அம்மா பேர் எழுதுங்க.

3. நாட்டுக்கு ஒரு உயில். அங்க எழுதுறப்ப "முந்தைய உயில்கள் எல்லாம் ரத்து"ங்கிற வழக்கமான வரி உங்க திருச்சி உயிலையும் சேர்த்து அழிச்சிடும். ஜாக்கிரதை!

4. நிறைவேற்றுநரை நியமிங்க. இந்து காப்பாளர் சட்டப்படி "அப்பா"ங்கிறதுல மாற்றுத் தகப்பன் வரமாட்டார். பெத்த அப்பா உயிரோட இருந்தா, "நான்தான் இயற்கைக் காப்பாளர்"னு வந்து நிற்கலாம். பாப்பாவுக்கு 18 வயசு ஆகுற வரை பணத்தை யார் பார்த்துக்கணும்னு உயில்லயே எழுதிடுங்க.

முறைப்படி தத்தெடுத்தா குழந்தை முழு வாரிசு ஆகிடும். அதுதான் உறுதியான வழி. ஆனா பெத்த அப்பாவோட சம்மதம், உத்தரவுன்னு நாள் ஆகும். அதுவரைக்கும் உயில்தான் குடை.

வரி பயம் வேண்டாம். இந்தியாவுல எஸ்டேட் டியூட்டி 1985-லயே போயாச்சு. உயில் மூலமா வர்ற சொத்துக்கு, உறவு எதுவா இருந்தாலும், வாங்கறவங்களுக்கு வருமான வரி கிடையாது.

கடைசியா என் கருத்து. "முப்பது வயசுல உயிலா? அபசகுனம்"னு வீட்ல சொல்லுவாங்க. டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கிறப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லையே? பெத்த பிள்ளை இருக்கிறவர் உயில் எழுதலன்னா அது சோம்பேறித்தனம். சட்டம் ஓரளவு காப்பாத்திடும். ஸ்டெப் சைல்ட் இருக்கிறவர் எழுதலன்னா, அந்தக் குழந்தைக்கு எதுவும் வேண்டாம்னு முடிவு எடுத்ததுக்குச் சமம். நீங்க அப்படி நினைக்கலதானே? சட்டத்துக்கு உங்க மனசு தெரியாது. எழுதி வெச்சாத்தான் தெரியும்.

அவர் ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி உயில் எழுதிட்டார். நீங்க இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.