வெந்நீரூற்று அளித்த நொதி

"இதனால் யாது பயன்?" என்னும் வினா அறிவியலாரை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகின்றது. பொருள் வழங்குவோர் பயன் கேட்டல் இயல்பே. ஆயினும், ஆராய்ச்சி தொடங்குமுன்னரே அதனைக் கேட்டு, விடை கிடையாவிடின் கதவை அடைத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. இதற்குச் சான்று அமெரிக்க நாட்டு எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ளது.

அங்கே நிலத்தினின்று கொதித்தெழும் ஊற்றுகள் மிகப் பல. 1966ஆம் ஆண்டில் தாமஸ் பிராக் என்னும் அறிஞரும், ஹட்சன் ஃப்ரீஸ் என்னும் அவர்தம் மாணவரும், ஏறத்தாழ 70 பாகை வெப்பமுடைய ஊற்றினின்று ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். கைவைத்தால் வெந்துபோகும் நீரில் உயிர் எங்ஙனம் வாழ்கின்றது என்பதை அறிதலே அவர்தம் வேட்கை. நோய் தீர்க்கவோ, பொருள் ஈட்டவோ அவர் முயன்றாரல்லர். அந்நுண்ணுயிருக்குத் 'தெர்மஸ் அக்வாடிகஸ்' எனப் பெயரிட்டு 1969இல் அதன் இயல்பை வெளியிட்டனர். வேண்டுவோர் பெறுமாறு அதனைப் பொதுச் சேமிப்பகத்திலும் வைத்தனர்.

நோயாளியின் குருதியிலோ சளியிலோ நோய்க்கிருமியின் மரபுப்பொருள் ஆற்றிற் கரைத்த புளிபோல மிகச் சிறிதே இருக்கும். அதனைக் காண்பது எப்படி? தேடும் பகுதியை மட்டும் பெருக்கிக் காணலாம் என்னும் எண்ணம் 1983இல் காரி முல்லிஸ் என்பவருக்குத் தோன்றியது. மரபுப்பொருள் இரட்டை இழையால் ஆயது. சூடேற்றினால் இழைகள் பிரியும். ஆறவிட்டால், முன்னரே செய்து கலந்த சிறு இழைத்துண்டுகள் தமக்கு இணையான இடத்தில் மட்டும் சென்று பொருந்தும். அவ்விடத்தினின்று நொதி புதிய இழையை நெய்யும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேலாகும். தேடிய பகுதி இல்லையேல் பெருக்கமும் இல்லை. அதுவே நோயின்மைக்கு அறிகுறி.

எண்ணம் சிறந்ததே; செயலோ இடர்ப்பட்டது. முதலிற் பயன்படுத்திய நொதி குடல்வாழ் நுண்ணுயிரினின்று பெற்றது. ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் அது கெட்டொழிந்தது. ஒருவர் குழாயின் அருகே காவலிருந்து, சுற்றுதோறும் புதிய நொதியைச் சேர்க்க வேண்டியிருந்தது! அப்போதுதான் வெந்நீரூற்றின் உயிர் நினைவுக்கு வந்தது. அதன் நொதியைச் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தார் 1976இலேயே தூய்மை செய்து வைத்திருந்தனர். 95 பாகை வெப்பத்தையும் தாங்கவல்ல அதனை ஒருமுறை இட்டாலே போதும். எஞ்சிய வேலையைப் பொறியே செய்துவிடும். முல்லிஸ் 1993இல் நோபெல் பரிசு பெற்றார். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது உலகெங்கும் நடந்த சோதனைகள் பலவற்றுக்கு இம்முறையே அடிப்படை.

ஊற்றுகளில் வாழும் உயிர்கள் எல்லாம் இவ்வாறு பயன் தந்தன அல்ல என்று சிலர் கூறுவர். உண்மையே. எது தரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவர்? 1966இல் எவரேனும் பிராக்கை மறித்துப் பயன் கேட்டிருப்பின், நோய்ச் சோதனை என்னும் விடையை அவராற் கூறியிருக்க இயலாது. அவ்வொரு காரணத்தால் பொருளுதவி மறுத்திருப்பின் இழப்பு அவருடையது மட்டுமன்று.

பயனை வற்புறுத்திக் கேட்கும் உலகம், பயன் விளைந்தபின் மூலத்தை நினைப்பதும் அரிது. 1991இல் இம்முறையின் உரிமை 30 கோடி டாலருக்கு விலைபோயிற்று. ஊற்றைக் காத்துவரும் பூங்காவுக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை.