பந்தாகச் சுருளும் பயம்

என் அக்கா மகன் லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன அடுக்ககத்தில் தனியாக இருக்கிறான். சென்ற ஆண்டு அவன் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். முதல் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும், படுக்கையறை மூலையில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் ஒரு மலைப்பாம்பை ஏந்திக்கொண்டு வந்தான். மூன்றரை அடி இருக்கும். கறுப்பு உடம்பில் பழுப்புத் திட்டுகள், தோலில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு.

“பயப்படாதீங்க மாமா. இவ யாரையும் கடிக்க மாட்டா. என் கைக்கு வந்துட்டா அப்படியே அமைதியாயிடுவா.”

அவன் சொன்னபடியே அது அசையவில்லை. தலையை உடம்புக்கு நடுவே செருகிக்கொண்டு, உரித்த தேங்காய் அளவுக்கு உருண்டையாகிவிட்டது. நாக்கு ஒருமுறைகூட வெளியே வரவில்லை. விலாப் பக்கம் மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

“பாத்தீங்களா, தூங்குறா.”

அது தூங்கவில்லை. இந்த இனத்தை ஆங்கிலத்தில் ‘பால் பைதான்’ என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் வாழும் பாம்பு. எதிரி நெருங்கினால் ஓடாது, சீறிப் பாயாது. தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தலை தப்பினால் போதும், முதுகில் பட்ட அடி ஆறிவிடும் என்ற கணக்கு. அதன் பயத்தையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு சாது என்று உலகம் முழுக்க வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள்.

அன்றிரவு அவனிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் முகத்தில் தெரிந்த பிரியம் உண்மையானது. பாம்பு வளர்ப்பவர்களைக் கிறுக்கர்கள் என்றும் வீம்புக்காரர்கள் என்றும் ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமில்லை. அவன் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. நாயோ பூனையோ வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. முடி உதிர்கிற பிராணி என்றால் அவனுக்கு மூச்சு இழுக்கும். பாம்புக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை, உறைபெட்டியில் வைத்திருக்கும் எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தால் போதும். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை. இதெல்லாம் வசதிக் காரணங்கள். இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் அவனே சொன்னான்: “எல்லாரும் இவளைப் பாத்து அருவருப்பாங்க மாமா. நான் மட்டும்தான் தொடுவேன்.” ஊர் வெறுக்கும் ஓர் உயிரைத் தான் மட்டும் நேசிக்கிறோம் என்பதில் தனியாக வாழும் மனிதனுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு நாம் காவலாக இருக்கிறோம் என்ற நினைப்பு அது. அந்த ஆறுதலை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், அந்த உருண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் ஊர் எப்போதோ பதில் எழுதி வைத்துவிட்டது. ஜோடியை அடித்தவனை நாகம் தேடி வந்து பழி வாங்கும். புற்றுக்குப் பால் வார்த்தால் மனம் குளிரும். 1979இல் வந்த ‘நீயா?’ படத்தை அந்த நம்பிக்கைதான் தூக்கி நிறுத்தியது. பாம்பு பால் குடித்து வாழும் உயிர் இல்லை. ஆளை அடையாளம் வைத்துப் பழிவாங்குவதும் இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கைக்குள் ஒரு மரியாதை உண்டு: பாம்புக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. இதே மலைப்பாம்பின் சொந்த ஊர்ப் பக்கம், பெனின் நாட்டு வீடா நகரில், மலைப்பாம்புகளுக்குக் கோவிலே இருக்கிறது. கோவில் பாம்பு இரவில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அடிக்க மாட்டார்கள். பத்திரமாக எடுத்துவந்து கோவிலில் விடுவார்கள்.

விஞ்ஞானம் நெடுங்காலம் இதற்கு நேர் எதிர்க் கோடியில் நின்றது. 1960களில் பால் மக்லீன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் மனித மூளையை மூன்று அடுக்காகப் பிரித்தார். அடியில் ஊர்வன மூளை, அதில் வெறும் இயல்பூக்கம். உணர்ச்சி எல்லாம் பாலூட்டிகளோடு வந்து சேர்ந்த நடு அடுக்கில் என்றார். 1977இல் கார்ல் சேகன் எழுதிய ஒரு புத்தகம் இந்தக் கருத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. இன்றும் கோபக்காரனைப் பற்றிப் பேசும்போது ‘ஊர்வன மூளை’ என்கிறார்கள். மூளையை ஒப்பிட்டு ஆராய்பவர்கள் இந்த அடுக்குக் கதையைக் கைவிட்டு வெகுநாளாயிற்று. நமக்குப் பயத்தை உணர்த்தும் அமிக்டலாவுக்கு இணையான பகுதி பல்லிக்கும் பாம்புக்கும் உண்டு.

கனடாவில் மிஷேல் கபானாக் என்ற உடலியலாளர் எளிய வழிகளில் இதைச் சோதித்தார். கைக்கு அகப்பட்டு அலைக்கழிந்த ஆமை, விட்டதும் வெதுவெதுப்பான இடமாகத் தேடிப் போய் உடம்புச் சூட்டை ஏற்றிக்கொண்டது. பதற்றத்தில் பாலூட்டிகளுக்கு உடம்பு சுடும் இல்லையா, அதே காய்ச்சல். இகுவானாப் பல்லியை மெதுவாகக் கையில் எடுத்தாலே இதயத் துடிப்பு எகிறியது. தவளைக்கு அப்படி இல்லை. அவருடைய இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இகுவானாவுக்கு வெதுவெதுப்பான மூலையில் வழக்கமான தீனி வைத்தார்கள். குளிரும் கோடியில் அதற்குப் பிடித்தமான லெட்டூஸ் கீரை. பசிக்குச் சாப்பிடக் குளிருக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் போனது, குளிர் கூடக் கூடப் போவதைக் குறைத்துக்கொண்டது. ருசிக்காக எவ்வளவு குளிரைத் தாங்கலாம் என்று ஒரு பிராணி எடைபோடுகிறது என்றால், அதற்குள் ‘நன்றாயிருக்கிறது’, ‘நன்றாயில்லை’ என்ற தராசு ஒன்று இருந்தாக வேண்டும்.

அது பல்லி. பாம்பு? 2020இல் கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்தில் 40 இளம் கார்ட்டர் பாம்புகளைக் கவனித்தார்கள். எந்த மறைவிடத்தில் யாரோடு படுப்பது என்பதில் ஒவ்வொன்றுக்கும் விருப்பம் இருந்தது. கலைத்துக் கலைத்து வேறு இடங்களில் விட்டாலும், பழைய கூட்டாளிகளைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டன. 2023இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் கிலுகிலுப்பை விரியன்களுக்கு இதயத் துடிப்பை அளந்தார்கள். வாளிக்குள் விட்டுத் தொந்தரவு செய்தபோது, தனியாக இருந்த பாம்பின் துடிப்பு மிகவும் ஏறியது. பக்கத்தில் தன் இனப் பாம்பு ஒன்று இருந்தபோது ஏற்றம் குறைந்தது. பக்கத்தில் பாம்புபோல் ஒரு கயிற்றைப் போட்டும் பார்த்தார்கள். கயிறு அந்த ஆறுதலைத் தரவில்லை. தென்னாப்பிரிக்கப் பெண் மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, உடம்பு கறுத்துப்போக வெயில் காய்ந்து, அந்தச் சூட்டைக் கொண்டுவந்து முட்டையைச் சுற்றிப் படுக்கிறது. குஞ்சு பொரித்த பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் வளையில் கூடவே இருக்கிறது.

ஆக, பயம் உண்டு. பதற்றம் உண்டு. தன் இனத்தின் அருகாமையில் ஏதோ ஒரு தணிவு உண்டு. 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் கையெழுத்திட்டு வெளியிட்ட நியூயார்க் பிரகடனம், முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாவற்றுக்கும் உணர்வனுபவம் இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று சொல்லி, ஊர்வனவற்றையும் அதில் சேர்த்தது.

ஆனால், வளர்ப்பவர்கள் கேட்க விரும்பும் கேள்வி வேறு: என் பாம்புக்கு என்மேல் பாசம் உண்டா? உண்டு என்று காட்டிய ஆய்வு எதுவும் நான் அறிந்தவரை இல்லை. தினமும் கையாண்டால் பாம்பு பழகும். பந்தாகச் சுருள்வது குறையும். இந்த வாசனை ஆபத்தில்லை என்று கற்றுக்கொள்ளும். கழுத்தில் ஏறிச் சுற்றிக்கொள்வது அங்கே வெதுவெதுப்பு இருப்பதால். சட்டைக்குள் நுழைவது அங்கே இருட்டாக இருப்பதால். பாசத்தை நிரூபிக்க முடியவில்லை, பயத்தை அளக்க முடிகிறது. நாமோ முதலாவது இருப்பதாக நம்பிக்கொண்டு, இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். இந்தத் தலைகீழ்க் கணக்கின்மேல்தான் ஒரு பெரிய வணிகமே நடக்கிறது.

நாய் வலித்தால் கத்தும்; பூனை முகத்தைச் சுளிக்கும். பாம்புக்குக் குரலும் இல்லை, முகபாவமும் இல்லை. இமை கிடையாது, தூக்கத்திலும் கண் திறந்தேதான் இருக்கும். துன்பத்தைச் சொல்லத் தெரியாத பிராணியின் அசையாமையைத் திருப்தி என்று எழுதிக்கொள்வது விற்பவர்களுக்கு எவ்வளவு வசதி! ஆளுயர அடுக்குகளில், மேஜை இழுப்பறைபோல இழுத்து மூடும் பெட்டிகளில், உடம்பை நேராக நீட்டக்கூட இடமில்லாமல் பாம்புகளை வைத்திருக்கிறார்கள். குறுகலாக இருந்தால்தான் அவற்றுக்குப் பிடிக்கும் என்று விளக்கமும் சொல்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடுக்கான இடம் பிடிக்கும் என்பது மெய். ஆனால், இடுக்கிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டுமா? பிரிட்டனில் கிளிஃபர்ட் வார்விக்கும் உடன் பணியாற்றியவர்களும் கூண்டுப் பாம்புகளைக் கவனித்து 2019இல் எழுதினார்கள்: இடம் இருக்கும்போது பாம்புகள் உடம்பை நேராகவோ கிட்டத்தட்ட நேராகவோ நீட்டிக்கொள்கின்றன. கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வயலில் வரப்பு நீளத்துக்கு நீண்டு கிடக்கும் சாரையை நாம் பார்த்ததில்லையா?

நிறத்துக்காக நடக்கும் இனப்பெருக்கம் இன்னும் கொடுமை. 1992இல் கறுப்பு நிறமி இல்லாத முதல் ‘அல்பினோ’ பால் பைதான்கள் கூண்டில் பிறந்ததிலிருந்து, புதுப் புது நிறங்களுக்குப் போட்டி. அதில் ‘ஸ்பைடர்’ என்று ஒரு வகை. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள், பார்க்க அழகு. அந்த நிறத்தைத் தரும் மரபணுவே உட்காதின் சமநிலை உறுப்பையும் சிதைத்துவிடுகிறது. தலை ஆடும், திருகும். எலியைக் குறிவைத்தால் குறி தப்பும். சில சமயம் தலைகீழாகப் புரண்டு கிடக்கும். இது தெரிந்தும் அந்த வகையை வளர்த்து விற்கிறார்கள். இதற்கு எந்த விளக்கமும் என்னை ஆற்றுப்படுத்தப் போவதில்லை.

கூண்டில் இவ்வளவு பிறந்தும் காட்டிலிருந்து பிடிப்பது நிற்கவில்லை. டோகோ, பெனின், கானா நாடுகளில் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். நம் விமான நிலையங்களுக்கு அவை எப்படி வருகின்றன என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். 2023 ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் தள்ளுபெட்டிக்குள், துளையிட்ட டப்பாக்களில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன.

நல்ல பாம்பு, சாரை, நம் மலைப்பாம்பு போன்றவற்றை வீட்டில் வைப்பது இங்கே குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளுக்கு வெகுகாலம் கேள்வியே இல்லை. 2020இல் மத்திய அரசு, ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. கடத்தி வந்தவையும் அந்த வாசல் வழியே கணக்கில் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2024இல் வந்த விதிகளின்படி, உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்தே ஆக வேண்டும். நல்லது. ஆனால், கடைகளில் அதிகம் விற்கும் கார்ன் பாம்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

வளர்க்க முடியாமல் வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா சாட்சி. செல்லமாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அவை நெடுநாளாக வாழும் பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவதே 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பிடிக்க வழி தெரியாமல் 2017இல் ஃப்ளோரிடாக்காரர்கள் அழைத்தது நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் போய், இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின் தடத்தைப் புல் சாய்ந்த வாக்கில் படிப்பவர்கள் அவர்கள். 1978இல் தொடங்கி இப்போது வடநெம்மேலியில் நடக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி; புற்று மாதிரி. சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் திரும்ப விட்டுவிடுவார்கள். பாம்போடு இத்தனை நெருங்கிப் பிழைக்கும் அவர்கள் அதன்மேல் பாசம் கொண்டாடி வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அதற்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிதாகப் பாம்பு வாங்குவதும் நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்வதும் நிற்க வேண்டும் என்பதே என் நிலை. ஏற்கெனவே பெட்டிக்குள் இருப்பவற்றை என்ன செய்வது? வெளியே விட முடியாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961இல் ஒருவர் கொடுத்த பால் பைதான், 2020இல், 60 வயது தாண்டிய பிறகு முட்டையிட்டது. நாம் வாங்கும் பாம்பு நம்மைவிட நெடுநாள் இருக்கக்கூடும்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “அப்ப இவளுக்கு என்னைப் பிடிக்கலையா மாமா?” என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன், பயம் குறைய வழி பண்ணலாம் என்றேன். நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் வீடியோவில் அழைத்தான். சுவரோரம் ஐந்தடி நீளக் கண்ணாடிக் கூண்டு. இரண்டு கோடியிலும் ஒளிய மரப்பட்டை, நடுவில் ஒரு கிளை. விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். கிளை நெடுக அது நேராக நீண்டு கிடந்தது. நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்தது.

“எடுத்துக் காட்டவா மாமா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், “வேணாம், இப்பதான் வெளிய வந்தா” என்றான்.