சறுக்குப்பலகையும் சுதந்திரம் என்னும் மாயையும்

கலிபோர்னியாக் கரையோரத்தில், அலை எழாத நாட்களிற் கடலலைச் சறுக்கு வீரர் பொழுதுபோக்காகத் தெருவில் ஓட்டிய நான்கு சில்லுப் பலகை, இன்று ஒலிம்பிக் அரங்குவரை வந்துவிட்டது. 2021 இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில், பெண்களுக்கான வீதிச் சறுக்குப் பிரிவிலே தங்கப்பதக்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. 2024 இற் பாரிஸில் பெண்களுக்கான இரு பிரிவுகளிலும் தங்கம் வென்ற கோகோ யொஷிசாவா, அரிசா ரூ ஆகிய இருவரும் 14 வயதினர். இவ்வெற்றிகளைச் சுட்டி, சறுக்குப்பலகையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாம் என்றும், அது முதலாளியோ மேலதிகாரியோ அற்ற சுதந்திரத் தொழில் என்றும் பேசப்படுகின்றது. நிறுவனங்கள் இவ்வாறு பேசுவதில் வியப்பில்லை. சறுக்கு வீரரிற் பலரும் அதனையே திருப்பிச் சொல்வதுதான் வியப்புக்குரியது. இக்கூற்று பொய் என்று தள்ளிவிடுவது போதாது. அப்பொய்யினால் இலாபம் பெறுவோர் யாவர் என்பதும் ஆராயப்படுதல் வேண்டும்.

ஒருவன் தொழில்முறை வீரன் ஆவது எங்ஙனம்? முதலிற் சம்பளம் என்ற பேச்சே இல்லை. திறமை காட்டும் இளைஞனுக்கு நிறுவனமொன்று பலகைகளையும் சப்பாத்துகளையும் இலவசமாக அனுப்பும். பின்னர் அதன் பயில்நிலை அணியில் அவனுடைய பெயர் சேரும். மேலும் சில ஆண்டுகள் கழிந்து, அவன் பெயர் பொறித்த பலகையொன்றை நிறுவனம் சந்தைக்கு விடும்பொழுதுதான் அவன் தொழில்முறை வீரன் எனப்படுகின்றான். இதற்குப் பரீட்சையுமில்லை, எழுதிவைத்த தகுதிவிதியுமில்லை. அணியை நடத்துவோரின் விருப்பமே விதி. இவ்விடைக்காலத்தில் அவன் சும்மா இருப்பதில்லை. படிக்கட்டுகளிலும் கைபிடிக் கம்பிகளிலும் ஒரே பாய்ச்சலைப் பன்முறை முயன்று, கொங்கிறீற்றில் விழுந்தெழுந்து, ஈற்றில் ஒருமுறை வெற்றிபெற்று, அதனைப் படம்பிடிக்கச் செய்கின்றான். சில நிமிடப் படத்துண்டொன்றுக்கு ஓராண்டுக்கு மேலும் செல்வதுண்டு. அப்படம் நிறுவனத்தின் விளம்பரமே என்பதை எவரும் மறுத்தற்கில்லை. விளம்பரத்தில் நடிப்பவனுக்குக் கூலி உண்டு; விளையாடுபவனுக்கு எதற்குக் கூலி என்பதே இங்கு வெளியிற் சொல்லப்படாது நிற்கும் வாதம்.

தொழில்முறை வீரனான பின்னர் நிலைமை மாறிவிடுகின்றதா? மேப்பிள் மரத்தின் ஏழு மென்தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்யப்படும் பலகையொன்று அமெரிக்கக் கடைகளில் 60 டொலரளவில் விற்கப்படுகையில், அதிலே பெயர் பொறிக்கப்பட்டவருக்குச் சேரும் விற்பனைப் பங்கு வழமையாக ஓரிரு டொலரே. பெயர் எதுவாயினும் இது துண்டுக்கூலியன்றி வேறன்று. மாதச் சம்பளம் எனத்தக்க தொகையைப் பெரும்பாலும் சப்பாத்து நிறுவனங்களே கொடுக்கின்றன. அதுவும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வரைதான். சட்டத்தின் கண்ணில் இவ்வீரர் பொதுவாக ஊழியர் அல்லர், சுயேச்சை ஒப்பந்தக்காரர். ஆதலின் வேலையிழப்புக் காப்புறுதியும் ஓய்வூதியமும் நிறுவனத்தின் கடமையாவதில்லை. முழங்கால் முறிந்தால் வைத்தியச் செலவு அவரையே சாரும். அனைவருக்குமான இலவச அரச வைத்தியம் அமெரிக்காவில் இல்லை; அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று பழகிய இலங்கை வாசகருக்கு இதன் கொடுமை உடன் புலப்படாதிருக்கலாம். உடலே கருவியாகவுள்ள தொழிலில், கருவி பழுதுற்றால் அதனைத் திருத்தும் பொறுப்பு மட்டும் தொழிலாளிக்குரியதாக்கப்பட்டுள்ளது. இங்கு சுதந்திரம் பெற்றிருப்பது நிறுவனமே.

இதற்கு மறுப்பாக ரோனி ஹோக்கின் பெயர் எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். அவ்வெடுத்துக்காட்டைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். ஹோக் 1982 இல், 14 ஆவது வயதில், தொழில்முறை வீரரானார். பாடசாலைக் கல்வி முடியுமுன்னரே சொந்த வீடு வாங்குமளவுக்குச் சம்பாதித்தார். ஆயினும் 1990களின் தொடக்கத்திற் சந்தை சரிந்தபொழுது, உலகின் தலைசிறந்த வீரர் எனக் கொள்ளப்பட்ட அவரே நாளொன்றுக்கு 5 டொலருக்குள் உணவுச் செலவை அடக்கவேண்டியிருந்ததாகப் பின்னாளிற் கூறியுள்ளார். அவருடைய திறமை குன்றிவிடவில்லை. பலகை வாங்குவோர் தொகையே குன்றிற்று. 1992 இல் அவர் பங்காளியொருவருடன் பேட்ஹவுஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1999 இல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் வானில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று புகழின் உச்சியை அடைந்தார். அதே ஆண்டில் அவர் பெயரிலான வீடியோ விளையாட்டும் வெளியாயிற்று. அவருடைய பெருஞ்செல்வம் நிறுவன உரிமையாளர் என்ற முறையிலும் பெயரின் உரிமையாளர் என்ற முறையிலும் சேர்ந்ததே பெரும்பகுதி. உழைத்து முன்னேறலாம் என்பதற்குக் காட்டப்படும் சான்று, உழைப்பாளியாக மட்டும் நின்றவனுக்கு நேர்வதையே காட்டிவிடுகின்றது.

ஒலிம்பிக் இக்குறையைத் தீர்த்துவிட்டதாகக் கருதுவோரும் உளர். சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கம் வென்றோருக்குப் பணப்பரிசு எதுவும் வழங்குவதில்லை என்ற ஒன்றே அவர்களுக்கு விடையாகும்.

இத்துறையில் நிலைமை மாறிய சந்தர்ப்பமொன்றும் உண்டு. விளம்பரங்கள் அதைப் பேசுவதில்லை. எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 50,000 டொலர் கிடைத்த காலத்திற் பெண் வெற்றியாளருக்குக் கிடைத்தது 2,000 டொலர். காரா பெத் பேர்ன்சைட், மிமி நூப் முதலிய வீராங்கனையர் 2005 இல் அமைப்பாகத் திரண்டு, போட்டியைப் பகிஷ்கரிப்பதாக அறிவித்துப் பேரம் பேசினர். அப்பத்தாண்டு முடிவதற்குள் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது. தனித்திறமையால் ஆண்டுக்கணக்கிற் பெறமுடியாததைக் கூட்டுப்பேரத்தாற் பெற்றனர்.

சங்கம் அமைத்தால் சறுக்குக் கலையின் ஆன்மா அழிந்துவிடும் என்று சிலர் வருந்துகின்றனர். அமெரிக்கப் பேஸ்போல் வீரர் சங்கம் 1968 இல் தனது முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டபொழுதும் இத்தகைய வருத்தங்கள் கேட்டன. அவ்வொப்பந்தம் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 6,000 டொலரிலிருந்து 10,000 டொலராக உயர்த்திற்று. பேஸ்போல் இன்றும் ஆடப்படுகின்றது.